குழந்தைக்கு வாசித்துக் காட்டுதல்: வடசென்னை வீடுகளுக்கு

குழந்தைக்கு வாசித்துக் காட்டுவது என்றால், அச்சில் உள்ள வரியைப் பெரியவர் உரக்கப் படிக்க, குழந்தை படத்தைப் பார்த்தபடி கேட்பதும், இடையிடையே இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதும்தான். கதை சொல்வதிலிருந்து இது ஓரிடத்தில் வேறுபடுகிறது. கதை சொல்லும்போது வீட்டுப் பேச்சிலேயே கதையும் நடக்கிறது. வாசித்துக் காட்டும்போது புத்தகத்தின் மொழி வீட்டுக்குள் வருகிறது. பேச்சுக்கும் எழுத்துக்கும் இடைவெளி அதிகமுள்ள தமிழில் இந்த வேறுபாடு சிறியதல்ல. வடசென்னையில் அது இன்னும் பெரிது. பிறந்தது முதல் எட்டு வயது வரையிலான குழந்தைகளுக்கானது இந்த அத்தியாயம். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வீடுகளின் வேலை நேரம், இடவசதி, பேச்சு வழக்கு ஆகியவற்றை ஒட்டியே இதிலுள்ள யோசனைகள் அமைந்துள்ளன.

காதுக்குப் பழகாத தமிழ்

காசிமேட்டில் வளரும் மூன்று வயதுக் குழந்தை, "ஆயா வூட்டாண்ட போனேன், நாஷ்டா துண்ணேன்" என்று தங்குதடையின்றிப் பேசும். சினிமா எவ்வளவுதான் நையாண்டி செய்தாலும் அது குறையுள்ள தமிழ் அல்ல. காலம், இடம், வேற்றுமை என இலக்கணத்தின் எல்லா உறுப்புகளும் அதில் உண்டு. அதே குழந்தை பள்ளிக்குப் போனதும், "பாட்டியின் வீட்டிற்குச் சென்றேன், சிற்றுண்டி உண்டேன்" என்ற வகை வரியைப் பாடநூலில் பார்க்கிறது. எழுத்துக் கூட்டிப் படித்தும் விடுகிறது. ஆனால் 'சென்றேன்', 'உண்டேன்' ஆகிய சொற்கள் அதுவரை அதன் காதில் விழுந்திருக்காது. 'ஆகையால்', 'எனினும்' போன்ற இணைப்புச் சொற்களை வீட்டில் யாரும் சொல்வதில்லை. மதுரையிலும் கோவையிலும் வளரும் குழந்தைக்கும் இதே சிக்கல் உண்டு, அளவுதான் கூடக்குறைய.

படித்துப் புரிந்துகொள்வது எப்படி நடக்கிறது என்பதற்கு ஃபிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் ஓர் எளிய கணக்கை முன்வைத்தார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறனையும், கேட்டதைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் கிடைப்பதே படித்துப் புரியும் திறன். கூட்டல் அல்ல, பெருக்கல். ஒன்று சுழியானால் விடையும் சுழி. தமிழில் முதல் பாதி அவ்வளவு கடினமல்ல. 247 எழுத்து என்று சொன்னால் மலைப்பாக இருக்கும். ஆனால் 12 உயிரும் 18 மெய்யும் அவற்றின் குறிகளும் பிடிபட்டால் மீதி தானாக வந்துவிடும். க, ச, ட, த, ப ஆகியவை இடத்துக்கேற்ப ஒலி மாறுவதும், 'கெ', 'கே' போன்றவற்றில் கொம்பு முன்னால் வந்து நிற்பதும் சற்றுக் குழப்பும், அவ்வளவுதான். ஒன்றிரண்டு ஆண்டுகளில் எழுத்து வசப்படும். இரண்டாம் பாதி அப்படியல்ல. எழுத்து மொழியைக் கேட்டே பழகாத குழந்தை, நான்காம் வகுப்பில் கடகடவென்று படித்துவிட்டு, "இன்னா சொல்லுது?" என்று கேட்டால் விழிக்கும். வாசித்துக் காட்டுவதால் கிடைக்கும் முதல் பயன், இந்த இரண்டாம் பாதியைப் பள்ளிக்கு முன்பே தொடங்கிவைப்பதுதான்.

இதே நிலை அரபு மொழியிலும் உண்டு. வீட்டு அரபு வேறு, புத்தக அரபு வேறு. டினா ஃபெய்டல்சனும் உடனாய்வாளர்களும் அரபு பேசும் மழலையர் பள்ளிக் குழந்தைகளுக்கு இலக்கிய அரபில் எழுதிய கதைகளைச் சில மாதங்கள் தொடர்ந்து வாசித்துக் காட்டச் செய்து, 1993இல் முடிவை வெளியிட்டார்கள். புத்தக மொழி குழந்தைக்குப் புரியாது, அதனால் எளிய பேச்சில் சொன்னால் போதும் என்ற நம்பிக்கை அங்கேயும் இருந்தது. கதை கேட்ட குழந்தைகள் கேட்டுப் புரிந்துகொள்வதில் மற்றவர்களை முந்தினார்கள். படத்தைப் பார்த்துத் தாமே கதை சொல்வதிலும் முன்னேறினார்கள். தமிழ்ப் பெற்றோர் கவனிக்க வேண்டிய ஆய்வு என்று ஒன்றை மட்டும் சொல்ல வேண்டுமானால் அது இதுதான்.

சொல்வளம்

வீட்டில் பெரியவர்கள் குழந்தையோடு பேசுவதில் பெரும்பகுதி காரியப் பேச்சு. வா, போ, எடு, வை, சாப்டு, சீக்கிரம். அன்பில்லாமல் அல்ல, நேரமில்லாமல். இந்தப் பேச்சில் ஒரே சில நூறு சொற்கள் திரும்பத் திரும்ப வரும். படப் புத்தகத்தில் அப்படியல்ல. காடு, குகை, ஓடை, அசைந்தது, பதுங்கியது, வியந்தது எனத் தெருவில் வராத சொற்கள் பத்தே பக்கத்தில் வந்துவிடும். பெரியவர்கள் தமக்குள் பேசிக்கொள்வதைவிடக் குழந்தைகளுக்கான நூல்களில் அரிய சொற்கள் அதிகம் என்று ஹேய்ஸ், ஆரன்ஸ் இருவரும் 1988இல் ஆங்கிலத்தை வைத்துக் காட்டினார்கள்.

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 2019இல் இதை எண்ணாகவே கணக்கிட்டார்கள். ஐந்து வயதுக்குள் நாளுக்கு ஒரு புத்தகம் வாசித்துக் காட்டப்பட்ட குழந்தை புத்தகங்கள் வழியாக ஏறத்தாழ 2,96,000 சொற்களைக் கேட்டிருக்கும். நாளுக்கு ஐந்து புத்தகம் என்றால் ஏறத்தாழ 14,83,000. வாசிப்பே இல்லாத வீட்டில் அது 5,000கூடத் தாண்டாது. இவை ஆங்கிலப் புத்தகங்களின் சொற்களை எண்ணி எடுத்த மதிப்பீடுகள். உருபுகளைச் சேர்த்துக்கொண்டே போகும் தமிழுக்கு இதே எண்கள் பொருந்தா. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: வீட்டில் இருக்கும் ஒரே புத்தகமானாலும், தினமும் ஒன்று என்பது ஆண்டுக் கணக்கில் பெரிய குவியலாகிறது.

மூளைப் படங்களைக் காட்டி வாசிப்பின் பெருமை பேசும் கட்டுரைகள் இப்போது நிறைய வருகின்றன. அவை பெரும்பாலும் சுட்டுவது 2015இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வந்த ஆய்வை. வாசிப்பு அதிகமுள்ள வீட்டுக் குழந்தைகள் கதை கேட்கும்போது, மனத்தில் காட்சியை எழுப்பும் மூளைப் பகுதி கூடுதலாக வேலை செய்ததாக அது கண்டது. ஆனால் அதில் பங்கேற்றவர்கள் 19 குழந்தைகளே. சுவையான தகவல், அதன் மேல் பெரிய கோட்டை கட்ட வேண்டியதில்லை.

நடத்தையிலும் மாற்றம் தெரிகிறது. பெற்றோர் வாசிப்பதையும் விளையாடுவதையும் ஊக்குவித்த நியூயார்க் திட்டம் ஒன்றில், குழந்தைகளின் முரட்டுத்தனமும் நிலைகொள்ளாமையும் குறைந்ததாக 2018இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. மடியில் உட்கார்ந்து பத்து நிமிடம் ஒரே பொருளைப் பார்ப்பது கவனத்துக்கு நல்ல பழக்கம். கோபம், பயம், பொறாமை போன்றவற்றுக்குப் பெயர் தெரிந்த குழந்தை, அடிப்பதற்குப் பதில் சொல்லிவிடவும் கற்கிறது.

எந்த வயதில் எப்படி

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2014இல், பிறந்த நாளிலிருந்தே வாசித்துக் காட்டலாம் என்று பரிந்துரைத்தது. கைக்குழந்தைக்குக் கதை வேண்டாம், குரல் போதும். அம்மா பக்கத்தில் படுத்துக்கொண்டு தினத்தந்தியை உரக்கப் படித்தாலும் குழந்தைக்கு நல்லதே. ஆறு மாதத்துக்குப் பின் புத்தகம் வாய்க்குப் போகும். அது குறும்பல்ல, அந்த வயதில் பொருளை அறியும் வழி. கெட்டி அட்டையோ துணிப் புத்தகமோ இருந்தால் தாங்கும்.

ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை சுட்டிக் காட்டிப் பெயர் சொல்லும் காலம். ஒரு பக்கம் முழுவதும் படிக்க வேண்டியதில்லை. "இது இன்னா? மீனு. எந்த மீனு? வஞ்சிரம்." காசிமேட்டுக் குழந்தைக்குப் படத்தில் உள்ள மீனின் பெயர் பல சமயம் அம்மாவைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். அதைச் சொல்லவிட வேண்டும்.

இரண்டிலிருந்து மூன்றுக்குள், ஒரே புத்தகத்தையே கொண்டுவந்து நீட்டும் பிடிவாதம் தலைதூக்கும். பெரியவர்களுக்கு அலுப்புத் தட்டும். ஜெசிகா ஹோர்ஸ்ட் 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்ட மூன்று வயதுக் குழந்தைகள், அதே புதுச்சொற்களை வெவ்வேறு கதைகளில் கேட்டவர்களைவிட நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். நாற்பது புத்தகம் இல்லையே என்று கவலைப்படும் வீட்டுக்கு இது நல்ல செய்தி.

மூன்றிலிருந்து ஐந்து வயது அங்கன்வாடிக்குப் போகும் காலம். கதையின் முன்பின் வரிசை பிடிபடுகிறது. "அப்புறம் இன்னா ஆவும்?" என்று கேட்டால் யோசித்துப் பதில் வரும். எழுத்தைக் காட்டத் தொடங்குவதும் இந்த வயதில்தான். கண்ணசைவைப் பதிந்து பார்த்த ஆய்வு ஒன்று 2005இல் வெளிவந்தது. கதை கேட்கும் குழந்தை ஏறக்குறைய முழு நேரமும் படத்தையே பார்க்கிறது, எழுத்தின் பக்கம் கண் போவதே அரிது என்று அது கண்டது. எனவே எப்போதாவது ஒரு சொல்லின் கீழ் விரலை ஓட்டிக் காட்டினால் போதும். தலைப்பு, நாயகனின் பெயர், ஓசைச் சொல். எல்லா வரிகளின் கீழும் விரலை ஓட்டினால் கதை செத்துவிடும்.

வாசிக்கும் விதம்

ஒரே மூச்சில் படித்து முடித்துவிட்டு மூடி வைப்பதில் பயன் குறைவு. குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988இல் வெளியிட்ட ஆய்வில் பெற்றோருக்கு எளிய பயிற்சி ஒன்று கொடுக்கப்பட்டது. படிக்கும்போது குழந்தையிடம் கேளுங்கள். அதன் பதிலை எடுத்து இன்னும் ஒரு சொல் சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள். அடுத்த முறை அதையே குழந்தை சொல்ல விடுங்கள். ஒரே மாதத்தில் அந்தக் குழந்தைகள் பேச்சில் வழக்கம்போல வாசித்த வீட்டுக் குழந்தைகளைவிடப் பல மாதங்கள் முன்னே போயிருந்தார்கள்.

வடசென்னை வீட்டில் இது எப்படி இருக்கும் என்று ஒரு பக்கத்தை வைத்துப் பார்க்கலாம். புத்தகத்தில் உள்ள வரி: "மழை வலுத்தது. பூனை திண்ணைக்குத் தாவியது." அம்மா அதை அச்சில் உள்ளபடியே, நிறுத்தி, குரலை ஏற்றி இறக்கிப் படிக்கிறார். பிறகு படத்தைக் காட்டி, "பூன இன்னா பண்ணுச்சுடா கண்ணு?" என்கிறார். குழந்தை, "எகிறிச்சி." அம்மா, "ஆமா, எகிறிச்சி. மழ வலுத்துச்சா, ஒடனே திண்ணைக்குத் தாவிடுச்சி." அடுத்த நாள் அதே பக்கத்தில் குழந்தையே, "தாவிச்சி!" என்று முந்திக்கொள்ளும். ஒருவேளை நான்கு நாள் கழித்துச் சொல்லும். இரண்டும் சரி.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. அச்சில் உள்ள வரி அச்சில் உள்ளபடியே படிக்கப்பட்டது. 'தாவியது' என்பதை 'எகிறிச்சி' என்று மாற்றிப் படித்திருந்தால், கதை புரிந்திருக்கும், புத்தகத் தமிழ் வந்திருக்காது. அடுத்து, குழந்தையின் சொல்லை அம்மா திருத்தவில்லை. 'எகிறு' அப்படியே இருக்க, 'தாவு' அதன் பக்கத்தில் வந்து நின்றுகொண்டது. "அப்படிச் சொல்லக் கூடாது, தாவியதுன்னு சொல்லு" என்று அதட்டியிருந்தால், அடுத்த கேள்விக்குக் குழந்தை வாயையே திறக்காது. வீட்டுப் பேச்சைக் கொச்சை என்று எண்ணி வெட்கப்படும் பெற்றோர்தான் இந்தத் தவறை அதிகம் செய்கிறார்கள். சொந்தப் பேச்சில் விளக்கமும் புத்தகப் பேச்சில் கதையும் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் வளரும்.

படிக்கும்போது கேள்வி அளவாக இருக்கட்டும். ஒரு பக்கத்துக்கு ஒன்று போதும். பக்கத்துக்குப் பக்கம் நிறுத்தி, "இது எந்த கலரு, எத்தினி இருக்கு" என்று கேட்டுக்கொண்டே போனால் கதை டியூஷனாகிவிடும். குழந்தை நடுவில் எழுந்து ஓடினால் ஓடட்டும். அன்றைய பாடு அதோடு முடிந்தது.

நேரமும் இடமும்

"தூங்கும் முன் தினமும் அரை மணி நேரம்" என்ற அறிவுரை ஒழுங்கான அலுவலக நேரமுள்ள வீட்டுக்கு எழுதப்பட்டது. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், இன்றைய அசோக் லேலண்ட், எண்ணூரில் காலூன்றியது. 1955இல் என்ஃபீல்டு திருவொற்றியூருக்கு வந்தது. அதற்குப் பின் வந்த ஆலைகள், அனல்மின் நிலையம், துறைமுகம், கன்டெய்னர் யார்டு எல்லாம் சேர்ந்து இங்குள்ள வீட்டின் நேரத்தை ஷிப்ட் கணக்கில் மாற்றிவிட்டன. இரவு ஷிப்ட் பார்க்கும் அப்பா குழந்தை தூங்கும் நேரத்தில் வீட்டிலேயே இருக்கமாட்டார். அவருக்கு வாய்க்கும் நேரம் காலை ஷிப்ட் வாரத்தின் மாலையோ, வார விடுமுறையின் பகலோதான். மீன் ஏலத்துக்கு விடியும் முன் கிளம்பும் அம்மாவுக்குப் பிற்பகல். நேரம் எதுவானாலும் பரவாயில்லை. பல் தேய்ப்பது, சாப்பிடுவது போல அன்றாடம் நடக்கும் ஏதாவது ஒன்றோடு முடிச்சுப் போட்டுவிட்டால் மறக்காது. பத்து நிமிடம் போதுமானது; வாரத்தில் நான்கைந்து நாள் நடந்தாலே நல்ல விளைச்சல்.

கடலுக்குப் போகும் வீட்டுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஆழ்கடலுக்குப் போய்ப் பல நாள் கழித்துத் திரும்பும் ஆண்கள் வலை சரிபார்த்துக்கொண்டும் படகுக்கு வர்ணம் அடித்துக்கொண்டும் ஊரில் இருப்பார்கள். வருமானம் முடங்கும் காலம், கடன் ஏறும் காலம். அதை மறைக்க முடியாது. ஆனால் அதில் பள்ளிக் கோடை விடுமுறையும் சேர்ந்துகொள்கிறது. ஆண்டு முழுவதும் அம்மாவின் குரலிலேயே கதை கேட்ட குழந்தைக்கு அப்பாவின் குரல் புதுச் சுவை. ஆண்கள் வாசிக்கும்போது கதையை விட்டு வெளியே போய், படகு, புயல், சுறா என்று சொந்தக் கதை கலப்பார்கள். கலக்கட்டும்.

தடுப்பூசிக்காகப் புதன்கிழமைகளில் ஆரம்ப சுகாதார மையத்தில் காத்திருக்கும் நேரம், ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் பரிசோதனைக்குக் காத்திருக்கும் நேரம் ஆகியவையும் கைகொடுக்கும். ஒரு மெல்லிய புத்தகம் பையில் இருந்தால் போனைக் கையில் கொடுக்க வேண்டியிருக்காது. மருத்துவமனைக் காத்திருப்பையே வாசிப்புக்கு வாய்ப்பாக மாற்றிய திட்டமும் உண்டு. 1989இல் பாஸ்டன் நகர மருத்துவமனையில் தொடங்கிய 'ரீச் அவுட் அண்ட் ரீட்' திட்டத்தில், பரிசோதனைக்கு வரும் குழந்தைக்கு மருத்துவரே ஒரு புத்தகத்தைக் கொடுத்து, எப்படி வாசிப்பது என்று பெற்றோருக்குக் காட்டித் தருகிறார்.

இடம் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே அறை வீட்டில் டிவியும் வாசிப்பும் சேர்ந்து நடக்காது. எல்லாரையும் அமைதியாக இருக்கச் சொல்வதைவிட, டிவி இல்லாத ஏதோ ஒரு நேரத்தைப் பிடிப்பது எளிது. மொட்டை மாடி, மாடிப்படி, வாசல் படிக்கட்டு ஆகியவை பல வீடுகளில் அறையைவிட வசதி. எண்ணூர் விரைவுச்சாலை ஓரத்து வீடுகளில் கன்டெய்னர் லாரிச் சத்தம் ஓயாது. அங்கே குழந்தையை எதிரே உட்காரவைக்காமல் மடியில் வைத்து, காதருகே படிப்பது நல்லது. தாழ்வான தெருக்களில் மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும். புத்தகங்களைக் கெட்டியான பிளாஸ்டிக் கவரில் போட்டு, பரணிலோ சுவர் அலமாரியின் மேல் தட்டிலோ ஏற்றிவிட்டால் அடுத்த ஆண்டுக்கு மிஞ்சும். மற்ற மாதங்களில் குழந்தை கைக்கு எட்டும் உயரத்திலேயே இருக்கட்டும்.

படிக்கத் தெரியாத பெற்றோர், வேறு மொழி வீடுகள்

எழுத்துக் கூட்டிப் படிப்பதே சிரமம் என்ற நிலையிலுள்ள அம்மாக்களும் ஆயாக்களும் வாசிப்பிலிருந்து விலக வேண்டியதில்லை. படத்தைப் பார்த்துக் கதை கட்டலாம். எழுத்தே இல்லாமல் படங்களால் மட்டும் நகரும் புத்தகங்களும் கிடைக்கின்றன. கேள்வி கேட்பது, பதிலை நீட்டிச் சொல்வது, என்ன நடக்கும் என்று ஊகிப்பது எல்லாம் இதிலும் அப்படியே நடக்கும். விடுபடுவது புத்தகத் தமிழின் ஓசை மட்டுமே. அதைப் பள்ளிக்குப் போகும் அண்ணனோ அக்காவோ நிரப்பலாம். மூன்றாம் வகுப்பு அக்கா தங்கைக்கு வாசித்துக் காட்டினால் அக்காவின் படிப்பும் தேறும். கேலி செய்யாத கேட்பாளர் ஒருவர் கிடைத்தால் தடுமாறிப் படிக்கும் பிள்ளைக்கும் துணிவு வரும்.

வண்ணாரப்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர் பகுதிகளில் தெலுங்கும் உருதும் வீட்டு மொழியாக உள்ள குடும்பங்கள் தலைமுறைகளாக உண்டு. ஆலைகளிலும் துறைமுக ஒப்பந்த வேலைகளிலும் பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் குடும்பத்தோடு தங்கத் தொடங்கியிருக்கிறார்கள். இவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் "வீட்டிலும் தமிழோ ஆங்கிலமோ பேசுங்கள்" என்பது நல்ல யோசனை அல்ல. பெற்றோர் எந்த மொழியில் தயங்காமல் கதை சொல்ல முடியுமோ, அந்த மொழியில்தான் வாசிப்பும் நல்லது. ஒரு மொழியில் கதையைத் தொடர்ந்து போகக் கற்ற குழந்தை அந்தத் திறனை அடுத்த மொழிக்கும் எடுத்துச்செல்லும்.

ஆங்கில வழி நர்சரிக்கு அனுப்பும் தமிழ் வீடுகளுக்கும் இது பொருந்தும். உச்சரிப்பில் நம்பிக்கையில்லாத பெற்றோர் வரிக்கு வரி தடுமாறி ஆங்கிலப் புத்தகம் படித்தால், குழந்தைக்குப் போய்ச்சேருவது தடுமாற்றமே. ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் உள்ள இருமொழிப் புத்தகங்களைச் சென்னையின் தூலிகா பதிப்பகம் 1990களிலிருந்தே வெளியிட்டுவருகிறது. தமிழ் வரியை அம்மா படிக்க, ஆங்கில வரியைப் பள்ளிப் பிள்ளை படிக்கலாம்.

புத்தகம் கிடைக்கும் இடங்கள்

புதுப் படப் புத்தகம் வாங்குவது பல வீடுகளுக்குச் செலவுதான். ஆனால் வாங்காமலேயே கிடைக்கும் வழிகள் உண்டு. 1948இல் இயற்றப்பட்ட சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலைக்குப் பின் இந்தியாவில் இத்துறையில் வந்த முதல் மாநிலச் சட்டம். அதன்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. வீட்டு வாடகையில் அதுவும் எங்கோ ஒளிந்திருக்கிறது. ஆகவே கிளை நூலகத்துக்குள் நுழையத் தயங்க வேண்டியதில்லை. சிறு வைப்புத்தொகை கட்டி உறுப்பினரானால் புத்தகம் வீட்டுக்கு வரும். சிறுவர் பகுதி ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடந்தால், நூலகரிடம் கேட்டால் உள்ளிருந்து எடுத்துத் தருவார். விடுமுறை நாளில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு ஒரு முறை போய்வருவது நல்லது. 2010இல் திறக்கப்பட்ட அந்நூலகத்தின் சிறுவர் பிரிவில் தரையில் உட்கார்ந்து படிக்கலாம்.

போன் உள்ள வீட்டில் பெங்களூரு பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம் பயன்படும். தமிழ், தெலுங்கு, உருது, இந்தி, ஒடியா ஆகிய மொழிகளில் படக்கதைகள் இலவசம். படிநிலை குறிக்கப்பட்டிருக்கும், அச்செடுக்கவும் தடையில்லை. ஜெராக்ஸ் கடையில் அச்சிட்டு, ஸ்டேப்ளர் அடித்தால் புத்தகம் தயார். போனிலேயே படிப்பதானால் பெரியவர் கையில் போன் இருக்கட்டும். கதை சொல்லும் வீடியோவை ஓடவிட்டு விலகிவிட்டால் அது வாசிப்பாகாது. குழந்தை "எகிறிச்சி" என்றால் வீடியோ பதில் சொல்லாது.

விலைக்கு வாங்குவதில் நேஷனல் புக் டிரஸ்ட்டின் சிறுவர் நூல்கள், பாரதி புத்தகாலயத்தின் 'புக்ஸ் ஃபார் சில்ரன்' வரிசை ஆகியவை கையைக் கடிக்காது. ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் கண்காட்சியில் தள்ளுபடியும் கிடைக்கும். 1985இல் மூர் மார்க்கெட் எரிந்தபின் சென்ட்ரல் அருகே லில்லி பாண்டு வளாகத்துக்கு வந்த பழைய புத்தகக் கடைகளில் அம்புலிமாமா, கோகுலம், பூந்தளிர் பழைய இதழ்கள் அவ்வப்போது தட்டுப்படும். ஆறு வயதுக்கு மேல் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' இதழை வாசித்துக் காட்டலாம்.

அச்சு புத்தகத்தில் மட்டும் இல்லை. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 2021இல் திறந்த மெட்ரோ பாதையின் பெயர்ப்பலகைகள் மூன்று மொழியில் பெரிய எழுத்தில் நிற்கின்றன. காலடிப்பேட்டை, தேரடி, சுங்கச்சாவடி எனச் சொல்லுக்குள் சொல் தெரியும் பெயர்கள். தெருக்களில் படகின் பெயர், ஆட்டோவின் முதுகில் உள்ள வாசகம், சுவரொட்டி என்று எழுத்துக்குப் பஞ்சமே இல்லை. நான்கு வயதுக் குழந்தை தன் பெயரின் முதல் எழுத்தை இவற்றில் தேடிப்பிடிக்கும் விளையாட்டுக்குக் காசு வேண்டாம்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

தொடர்ந்து வாசித்துக் காட்டும் வீட்டில் சில குறைகள் சீக்கிரம் தென்படும். பின்னாலிருந்து படித்தால் திரும்பாத குழந்தை, முகத்தைப் புத்தகத்தோடு ஒட்டிக்கொள்ளும் குழந்தை, இரண்டு வயது நிறைந்தும் தனிச் சொற்களைத் தாண்டாத குழந்தை, பேசிய சொற்களை மறந்துகொண்டே வரும் குழந்தை ஆகியோரைத் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். "இவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்று சொல்லிக் காத்திருப்பதில் இழப்பு அதிகம். ஸ்டான்லி மருத்துவமனையிலும் எழும்பூர் அரசுக் குழந்தைகள் மருத்துவமனையிலும் காது, கண், பேச்சுப் பரிசோதனைக்கு வழியுண்டு.

பள்ளி தொடங்கிய பின்

குழந்தை தானே படிக்கத் தொடங்கியதும் பெற்றோர் வாசிப்பதை நிறுத்திவிடுவது வழக்கம். ஆனால் ஏழு வயதுப் பிள்ளை தானே படிக்கக் கூடியது இரண்டு வரிப் பக்கம். கேட்டுப் புரிந்துகொள்ளக் கூடியது அதைவிட நீளமான, சிக்கலான கதை. இந்த இரண்டும் ஒன்றாவதற்கு இன்னும் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை எளியதைப் பிள்ளையும் கடினமானதைப் பெரியவரும் படிப்பது சரியான ஏற்பாடு. ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் நான் என்று மாற்றி மாற்றியும் படிக்கலாம். பிள்ளை திக்கினால் ஐந்து எண்ணும் அளவு காத்திருந்து சொல்லைச் சொல்லிவிட வேண்டும். எழுத்துக் கூட்டவைத்துக் கதையை நிறுத்தக் கூடாது. அதற்குப் பள்ளி இருக்கிறது.

தமிழக அரசு 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் தொடக்க வகுப்புகளில் எழுத்துப் பயிற்சி நடக்கிறது. அடுத்து வந்த வாசிப்பு இயக்கம் 'நுழை', 'நட', 'ஓடு', 'பற' என்ற நான்கு படிகளில் சிறு புத்தகங்களை அரசுப் பள்ளிகளுக்குத் தந்திருக்கிறது. பிள்ளை எந்தப் படியில் இருக்கிறது என்று ஆசிரியரிடம் கேட்டறிந்து, வீட்டில் பிள்ளை படிக்க அந்தப் படியும், பெரியவர் வாசித்துக் காட்ட அதற்கு அடுத்த படியும் தேர்ந்தெடுக்கலாம். 'ஓடு' படிப் புத்தகங்களைத் தடுமாறாமல் படித்து, நடந்ததைச் சொந்தப் பேச்சில் திருப்பிச் சொல்லவும் முடிகிற பிள்ளைக்கு வாசித்துக் காட்டுவது இனிக் கட்டாயமல்ல. கேட்டால் படிக்கலாம்.